பொத்தான் நழுவுவதற்குக் காரணம் க்யூஆர் கோடு

வணக்கம் நண்பரே. ஏஆர்கோர் (கேமராக் காட்சியின் மேல் மெய்நிகர் பொருள்களைக் காட்டும் கூகுள் மென்பொருள்), ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு), எம்க்யூடிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை) வைத்து நீங்கள் செய்த ஆப்பில், சுவிட்ச் போர்டில் ஒட்டிய க்யூஆர் கோடின் மேல் ஃபோன் திரையில் தெரியும் ஃபேன் பொத்தான் நிற்காமல் நழுவுகிறது, ஓடும் ஃபேனை 'ஆஃப்' என்று காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் அந்த க்யூஆரை எடுத்துவிடுங்கள். ஒரே மாதிரிக் கட்டங்கள் திரும்பத் திரும்ப வந்தால் ஏஆர்கோர் குழம்பும். கூகுளின் வழிகாட்டியே க்யூஆரைத் தவிர்க்கச் சொல்கிறது. காய்கறிக் கடை ஃபோட்டோ மாதிரி ஒழுங்கில்லாமல் விவரம் நிறைந்த படம் நல்லது. ஏஆர்கோருடன் வரும் படச் சோதனைக் கருவியில் 100க்கு 75 மதிப்பெண்ணாவது வர வேண்டும். 15 செ.மீ.க்குக் குறையாமல் அச்சிட்டு, அந்த அகலத்தை மீட்டரில் (15 செ.மீ. என்றால் 0.15) ஆப்பின் நிரலில் கொடுங்கள். லேமினேட் மட்டும் வேண்டாம். நான் செய்தபோது ட்யூப்லைட் வெளிச்சம் வெள்ளைப் பட்டையாக விழுந்து பாதிப் படத்தை மறைத்துவிட்டது.

அடுத்தது ஃபேன் நிலை. இப்போது பொத்தானை அழுத்தியதும் ஆப்பே நிலையை ஊகித்துக்கொள்கிறது. சுவரில் யாராவது சுவிட்சைத் தட்டினால் அதற்கு எப்படித் தெரியும்? உண்மை நிலையை ஈஎஸ்பி32 தான் சொல்ல வேண்டும். ரிலே (ஃபேனை ஆன், ஆஃப் செய்யும் மின் சுவிட்ச்) மாறும்போதெல்லாம், எம்க்யூடிடியில் நிலைக்கென்றே ஒரு தனி டாபிக்கில் (செய்தித் தலைப்பில்) 'ரீடெய்ன்' (கடைசிச் செய்தியைச் சேமித்து வைக்கும் அமைப்பு) போட்டு அனுப்பட்டும். ஆப்பைத் திறந்த உடனே கடைசி நிலை கைக்கு வந்துவிடும். சுவர் சுவிட்சையும் ஈஎஸ்பி32க்கு உள்ளீடாக மாற்ற வேண்டியிருக்கும். அது 230 வோல்ட் வேலை. தயவுசெய்து எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.