கேதார்காந்தா குளிர்: செல்பேசி காட்டும் எண் உச்சிக்குப் பொருந்தாது

ஜனவரி இறுதியில் உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்கு மலையேறச் செல்ல முன்பணம் கட்டியிருக்கும் கோயம்புத்தூர் வாசகர் ஒருவர், "செல்பேசியில் சாங்க்ரிக்கு மைனஸ் 2 டிகிரி என்று காட்டுகிறது, வெயில் இருக்கும், ஒரு ஜாக்கெட் போதும் என்கிறார் ஏஜென்ட், நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

நம்ப வேண்டாம். அந்த எண் அடிவாரக் கிராமத்துக்கு உரியது. சாங்க்ரி ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்திலும் உச்சி 3,800 மீட்டரிலும் உள்ளன. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி உச்சியில் மைனஸ் 14. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 25 போலத்தான் இருக்கும். சூரிய உதயம் பார்ப்பதற்காகப் பின்னிரவிலேயே கிளம்பிவிடுவதால், மிகக் குளிரான நேரத்தில்தான் நீங்கள் வியர்க்க வியர்க்க ஏறுவீர்கள். பருத்தி பனியன் அந்த வியர்வையைக் குடித்துக்கொண்டு, உச்சியில் நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவே ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற கதகதப்பான துணி, வெளியே காற்றுப் புகாத உடை, நனையாமல் பையில் வைத்த இன்னொரு ஜோடி கையுறை ஆகியவை கட்டாயம்.

இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காற்றே இல்லாத தெளிந்த இரவில் கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதால், ஏறும் வழியில் ஜூடா கா தாலாப் ஏரிக்கரையில் அடிக்கும் கூடாரத்தைவிட மேலே இருக்கும் முகடு சற்று வெதுவெதுப்பாக இருக்கக்கூடும். இதைக் கேள்விப்பட்டவர்கள் கனத்த ஜாக்கெட்டைக் கூடாரத்திலேயே விட்டுச் செல்கிறார்கள். அது பெரும் தவறு. காற்று எழுந்த சில நிமிடங்களில் அந்த வெதுவெதுப்பு கலைந்துவிடும். கூடாரத்தை எங்கே அடிப்பது என்பதற்கு மட்டுமே இந்த விதிவிலக்கு உதவும், உடைக்கு உதவாது.

குளிர்காலப் பனிப்பொழிவைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும், மேற்கத்திய இடையூறு எனப்படும் காற்றழுத்தத் தாழ்வு. அதன் வருகை சில நாட்களுக்கு முன்பே வானிலை அறிக்கையில் தெரிந்துவிடும். ஆனால் 7,000 மீட்டர் தாண்டிய சிகரங்களையும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளையும் ஒன்றாகக் கொண்ட, கேதார்காந்தா இருக்கும் உத்தரகாசி மாவட்டம் முழுவதற்கும் ஒரே மஞ்சள், ஒரே ஆரஞ்சு என்று எச்சரிக்கை விடுத்தால், மலையேறுபவர் அதிலிருந்து என்ன புரிந்துகொள்ள முடியும்? 2024 ஜூனில், குளிர்காலமே அல்லாத நாட்களில், அதே மலைப்பகுதியின் சஹஸ்திர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கிக் கர்நாடகக் குழுவினர் 9 பேர் இறந்த பிறகும் உயரவாரியான முன்னறிவிப்பைப் பாதை தொடங்கும் இடத்தில் எழுதி வைக்க இத்தனை தயக்கம் ஏன்?

இதைவிட ஆபத்தானது, "உச்சி உறுதி, பனி உறுதி" என்று விற்கும் இடைத்தரகு. சமவெளியில் பணம் வாங்குபவர் ஒருவராகவும், சாங்க்ரியில் உங்களைப் பெற்றுக்கொள்பவர் வேறொருவராகவும் இருப்பது வழக்கமாகிவிட்டது. வானிலை கெட்டால் திரும்புவதா, ஏறுவதா என்று முடிவெடுப்பவரை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆகவே ஏஜென்ட்டிடம் மூன்றைக் கேளுங்கள்: மலையில் முடிவெடுப்பவர் யார், பனிப்பொழிவு எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவீர்களா, பாதி வழியில் திரும்பினால் பணத்துக்கு என்ன வழி. எழுத்தில் பதில் தராதவரிடம் மீதித் தொகையைக் கட்டாதீர்கள்.