1.2 எம்பி டிரைவில் எழுதிய 360கே ஃபிளாப்பி எக்ஸ்டியில் திறக்கவில்லையா?

ஏடியில் (1.2 எம்பி டிரைவ் உள்ள பிந்தைய ஐபிஎம் வகைக் கணினி) காப்பி செய்த 360கே ஃபிளாப்பி அங்கே படிக்கிறது, எக்ஸ்டியில் (360கே டிரைவ் உள்ள முந்தைய வகை) மட்டும் பிழை காட்டுகிறது என்கிறீர்கள். டிரைவ் பழுதில்லை. 1.2 எம்பி டிரைவின் ஹெட் (படித்து எழுதும் முனை) குறுகலானது. எக்ஸ்டி முன்பு எழுதிய அகலமான டிராக்கில் (தரவு பதியும் வளையம்) ஒரு பகுதியைத்தான் அழித்து எழுதும். மிச்சத்தில் பழைய தரவு அப்படியே நிற்கும். 360கே ஹெட் இரண்டையும் சேர்த்து வாசித்துக் குழம்பும். ஏடியில் திரும்ப ஃபார்மட் செய்தாலும் இந்த மிச்சம் போகாது.

முடிந்தால் எக்ஸ்டியிலேயே ஃபார்மட் செய்து எழுதுங்கள். இல்லையென்றால் வலுவான காந்தத்தால் ஃபிளாப்பியை முழுதாக அழித்து (ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் வேண்டாம்!), ஏடியில் ‘ஃபார்மட் ஏ: /4’ (360கே அளவில் ஃபார்மட் செய்யும் டாஸ் கட்டளை) கொடுத்துக் காப்பி செய்யுங்கள். பிறகு எக்ஸ்டியில் அதைப் படிக்க மட்டும் செய்யுங்கள். அங்கே எழுதிவிட்டு மறுபடி ஏடியில் எழுதினால் பழைய கதைதான். 1.2 எம்பி ஃபிளாப்பியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் பூச்சுக்கு வலுவான காந்தப்புலம் வேண்டும், 360கே முறையில் எழுதியது சரியாகப் பதியாது.