அகர் கட்டி சோதனை: ஆழம் ஒன்றாகத்தான் வரும்

சோதனை தப்பாகப் போகவில்லை. அமிலம் பட்டால் வெளுக்கும் இளஞ்சிவப்புச் சாயம் கலந்த, 1, 2, 3 செ.மீ. பக்கமுள்ள அகர் (கடற்பாசி ஜெல்லி) கனசதுரக் கட்டிகளை நீர்த்த அமிலத்தில் போட்டு எடுத்து வெட்டினால் மூன்றிலும் இளஞ்சிவப்பு ஓரத்திலிருந்து அரை செ.மீ. தான் வெளுத்திருக்கிறது, பெரிய கட்டிக்குத்தானே புறப்பரப்பு அதிகம், அது ஏன் முந்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

மொத்தமாகப் பார்த்தால் அதிகம் உறிஞ்சியது பெரியதுதான். ஆனால் அமிலம் உள்ளே நகரும் வேகம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. பரப்பு 6, 24, 54 ச.செ.மீ. என்று ஏறும்போது கனஅளவு 1, 8, 27 க.செ.மீ. என்று தாவுகிறது, அதனால் பரப்பைக் கனஅளவால் வகுத்த விகிதம் 6, 3, 2 என்று இறங்குகிறது. இப்போது எல்லாப் பக்கமும் அரை செ.மீ. கழித்துப் பாருங்கள்: சின்னது முழுக்க வெளுத்துவிடும், 2 செ.மீ. கட்டியில் எட்டில் ஒரு பங்கு மிச்சம், பெரியதிலோ 27-ல் 8 பங்கு, கிட்டத்தட்ட 30 சதவீதம், அமிலம் தொடாமலே கிடக்கும். ரெக்கார்டில் ஆழத்தோடு நிறுத்தாமல் இந்தச் சதவீதத்தையும் எழுதுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டிகள் செல்லுக்கு ஒரு மாதிரிதான்; செல் பெருத்தால் உள்ளே போக வேண்டிய ஆக்சிஜனுக்கும் இதே கதிதான். அப்புறம் கோழிமுட்டை மஞ்சள்கரு ஒரே செல்தானே, அது எப்படி அவ்வளவு பெரிது என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் பெரும்பகுதி சேமித்து வைத்த உணவு. உயிர்ச்செயல் நடப்பது மேலே தெரியும் சின்ன வெள்ளைப் புள்ளியில்தான்.

அடுத்த முறை கட்டியை எடுத்தவுடன் துடைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் அமிலம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கத்தியையும் ஒவ்வொரு வெட்டுக்கும் துடையுங்கள்.