5 நட்சத்திரம் வாங்கிய கார் பிறகு 0 வாங்கியது எப்படி?

கார் பலவீனமாகவில்லை, தேர்வுதான் கடினமாகிவிட்டது. ஃபியட் புன்டோ கார், யூரோ என்கேப் (கார்களை மோதிப் பார்த்து பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பு) சோதனையில் 2005-இல் 5 நட்சத்திரம், 2017-இல் 0 வாங்கியது; இரண்டுமே சரி. இடைப்பட்ட காலத்தில் தானாகப் பிரேக் பிடிப்பது போன்ற உதவிகளுக்கும் மதிப்பெண் வந்துவிட்டது. பழைய வடிவமைப்பில் அவை இல்லை.

அப்படியானால் 0 வாங்கிய காரை விற்க விட்டு அரசு தூங்கிவிட்டதா என்று கேட்கலாம். விற்பனைக்கு அரசு தரும் அனுமதி வேறு, நட்சத்திரம் வேறு. அனுமதி என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், அதாவது பாஸ் மார்க். நட்சத்திரம் வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்க. 0 வாங்கிய காரையும் சட்டப்படி விற்கலாம். எனக்கும் இது உறுத்தல்தான்.

வாங்கும் முன்:

1. நட்சத்திரத்தோடு சோதனை நடந்த ஆண்டையும் பாருங்கள். ஆண்டு இல்லாத நட்சத்திரத்தை நம்ப வேண்டாம்.
2. நீங்கள் வாங்கும் அதே வேரியன்ட்டில் சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்சி இருக்கிறதா? விலை குறைந்த வேரியன்ட்களில் சில சமயம் இருக்காது.
3. பழைய கார் என்றால், சேசிஸ் எண்ணை வைத்து ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனம் காரைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஏர்பேக்குக்கான ரீகால் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று மட்டும்: சின்னக் காரின் 5-ஐயும் பெரிய எஸ்யூவியின் 5-ஐயும் ஒப்பிடாதீர்கள். நேருக்கு நேர் மோதினால் எடை குறைந்த வண்டிக்குத்தான் அடி அதிகம்.