லேபிளை முகர்ந்தவருக்கு

கேள்வி: சாக்ரமெண்டோவில் வசிக்கிறேன். சிகோ நகரில் உள்ள சியரா நெவாடா பீர் ஆலைக்குப் போய், எட்டு வகை பீரைச் சுவைத்து, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திர மதிப்பெண் போட்டு எழுதிய கட்டுரையை ஒற்றை வரிக் குறிப்போடு திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஒயினைப் பற்றி எழுதினால் ரசனை, பீரைப் பற்றி எழுதினால் குடிகாரன் பேச்சா? மது என்றதும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வந்துவிடும் கூச்சம்தானே இது? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: நெல்லரிசியில் வீட்டிலேயே காய்ச்சிய கள்ளுக்குத் ‘தோப்பி’ என்றும், தெளிந்த கள்ளுக்குத் ‘தேறல்’ என்றும் சங்க காலத்திலேயே தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி இது. இதில் எழுத என்ன கூச்சம்? நான் அனுப்பிய ஒற்றை வரி இதுதான்: ‘குடித்தது தெரிகிறது, சுவைத்தது தெரியவில்லை.’ அது போதவில்லை என்கிறீர்கள். விரிவாகவே சொல்கிறேன். கேட்டது நீங்கள்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கட்டுரையின் இரண்டாவது பத்தியில் அந்த ஆலையின் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் ‘திராட்சைப் பழ மணம் கமழ்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த பீரில் திராட்சை எங்கிருந்து வந்தது? கொஞ்சம் யோசித்ததும் விளங்கிவிட்டது. ஆங்கிலத்தில் யாரோ ‘கிரேப்ஃப்ரூட்’ என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அதை இரண்டாக உடைத்து, கிரேப் என்றால் திராட்சை, ஃப்ரூட் என்றால் பழம் என்று தமிழாக்கிவிட்டீர்கள். கிரேப்ஃப்ரூட் எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா. பப்ளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பு. நம் ஊரில் பப்ளிமாஸ் தெரியாதவர் உண்டா? அதன் தடித்த தோலை நகத்தால் கிள்ளினால் பீறிட்டு வரும் எண்ணெய் இருக்கிறதே, கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் பூ வாசமுமாக மூக்கில் ஏறுமே, அதுதான் அந்த பீரின் வாசம். தமிழில் அதற்குச் சரியான சொல் கையெட்டும் தூரத்தில் இருக்க, நீங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள்.

இதை மொழிபெயர்ப்புப் பிழை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. நீங்கள் அந்த கிளாஸை முகர்ந்திருந்தால் ‘திராட்சை’ என்று எழுதக் கை வந்திருக்காது.

அந்த வாசத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பச்சைப் பூங்கூம்பு. பீருக்குக் கசப்பையும் வாசத்தையும் தருவது அது. ஓரிகானில் அரசு ஆராய்ச்சியில் உருவாக்கி 1972-இல் விவசாயிகளுக்குக் கொடுத்த கேஸ்கேட் என்ற ரகத்துக்குத்தான் இந்தப் பப்ளிமாஸ் வாசம். சிகோவில் 1976 முதல் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கான சாமான் கடை வைத்திருந்தவர் கென் கிராஸ்மன். வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்க மத்திய அரசு சட்டப்படி அனுமதித்ததே 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான். கிராஸ்மனும் கூட்டாளி பால் கமுசியும் பால் பண்ணைகள் கழித்துக்கட்டிய தொட்டிகளை வாங்கி, தாங்களே பற்றவைத்து சியரா நெவாடா ஆலையை உருவாக்கினார்கள். 1980 நவம்பரில் முதல் ஈடு இறங்கியது. பேல் ஏல் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. ஒரு ஈடு இட்லி கல்லாகப் போனாலே நம் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று தெரியும். இவர்கள் பத்து ஈடு பீரைச் சாக்கடையில் ஊற்றினார்கள், கையில் காசில்லாத காலத்தில். அப்படிக் கொட்டியவர்களின் நாக்குக்கு முன்னால் ‘அருமை, மிக அருமை, அற்புதம்’ என்று மூன்று சொற்களோடு போய் நிற்கிறீர்கள்.

அடுத்தது செலிப்ரேஷன் என்ற பீர். அதில் ‘பட்டை, கிராம்பு வாசம் தூக்கலாக இருக்கிறது, கிறிஸ்துமஸ் கேக் நினைவுக்கு வருகிறது’ என்கிறீர்கள். ஐயா, அதில் பட்டையும் கிடையாது, கிராம்பும் கிடையாது. 1981 முதல் குளிர்காலம்தோறும் அவர்கள் போடும் பீர் அது. அந்த ஆண்டு அறுவடையின் முதல் ஹாப்ஸைப் போட்டுக் காய்ச்சுவது, 6.8 சதவீத ஆல்கஹால். பைன் பிசின் வாசமும் ஆரஞ்சுத் தோல் கசப்பும்தான் அதன் குணம். ஆனால் லேபிள் சிவப்பு. நடுவில் பனி மூடிய ஒரு மரவீட்டுப் படம். குளிர்காலத்தில் பல ஆலைகள் மசாலா போட்டு பீர் காய்ச்சுவது உண்மைதான். நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள், மூக்கு அதன் சொற்படி கேட்டது. ஒன்று மட்டும் உங்கள் தரப்பில் சொல்லலாம்: கிராம்பே போடாமல் ஈஸ்ட்டிலிருந்து மட்டும் கிராம்பு வாசம் வரும் பீர் உண்டு. அது ஜெர்மன் பாணிக் கோதுமை பீர். உங்கள் எட்டில் அது இல்லை.

உங்கள் கட்டுரையில் மூன்று பத்திகள் நிறத்துக்கும் லேபிளுக்கும் போயிருக்கின்றன. அமெரிக்காவில் பீர் போட்டிகளுக்கு நடுவர்களைப் பழக்கும் பீ.ஜே.சி.பி. என்ற அமைப்பு இருக்கிறது. அவர்களுடைய மதிப்பெண் தாளில் மொத்தம் 50. அதில் வாசத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் தங்கும் கனத்துக்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. பார்வைக்கு வெறும் 3. நீங்கள் அந்த மூன்று மதிப்பெண்ணில் குடியிருந்துகொண்டு மற்ற 47-க்கு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். எட்டு பீருக்கும் நாலரை நட்சத்திரம். எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே மதிப்பெண் போடும் வாத்தியார் விடைத்தாளைத் திருத்தவில்லை என்றுதானே அர்த்தம்?

வரிசையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிக்ஃபுட்டில் தொடங்கியிருக்கிறீர்கள். 9.6 சதவீதம், கருப்பட்டிப் பாகு போலக் கனத்த, பார்லிவைன் என்ற கடும் பீர் வகை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வார்கள், அதுவும் சொட்டுச் சொட்டாக. அதைக் குடித்துவிட்டு, கடைசியில் 5.6 சதவீதப் பேல் ஏலை எடுத்தால் ‘தண்ணீர் போல இருந்தது’ என்று எழுதத்தான் தோன்றும். பால்கோவாவை முதலில் சாப்பிட்டுவிட்டுக் காப்பியில் சர்க்கரை இல்லை என்று குறை சொல்வதுதான் இது. தண்ணீர் போல இருந்த அதே பேல் ஏலுக்கும் நாலரை நட்சத்திரம் விழுந்திருக்கிறது, அது வேறு கதை. (எட்டு கிளாஸுக்குப் பிறகு சிகோவிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு யார் காரை ஓட்டினார்கள் என்பதும் கட்டுரையில் இல்லை. நீங்கள் இல்லை என்று நம்புகிறேன்.)

பாட்டிலின் அடியில் மண்டி இருந்ததைப் பார்த்து ‘பழைய சரக்கோ’ என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அது ஈஸ்ட். பாட்டிலுக்குள்ளேயே கொஞ்சம் புளித்து நுரை கட்டவேண்டும் என்பதற்காக அவர்கள் தெரிந்தே விடுவது. பழசு எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியவர் என் தங்கை கணவர். ஃப்ரீமாண்டில் அவர் வீட்டு கராஜில் பீர் காய்ச்சுகிற மனிதர். ஒருநாள் மாலை மூன்று கிளாஸை என் முன் வைத்தார். நிறம் தெரியக்கூடாது என்று விளக்கை மங்கலாக்கினார். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, எது வேறு என்று கண்டுபிடியுங்கள் மச்சான் என்றார். நான் முகர்ந்தேன், உருட்டினேன், விழுங்கினேன், ரொம்ப நிச்சயமாக நடு கிளாஸைக் காட்டினேன். தப்பு. மூன்றாவதுதான் வேறு. மூன்றிலும் இருந்தது ஒரே ஆலையின் ஒரே பீர்தான், மூன்றாவது மட்டும் ஒரு கோடைக்காலம் முழுக்க கராஜ் வெயிலில் கிடந்த பாட்டில். “இப்போது முகர்ந்து பாருங்கள்” என்றார். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. பப்ளிமாஸ் வாசம் போன இடம் தெரியவில்லை, அதன் இடத்தில் அட்டை. அதற்குப் பிறகு எனக்கு அந்த வாசம் எங்கே வந்தாலும் தெரிந்துவிடுகிறது. ஆனால் முதல் தடவை நான் தோற்றேன் என்பதையும் எழுதியாக வேண்டும். உங்கள் கட்டுரையில் நீங்கள் ஒரு இடத்தில்கூடத் தோற்கவில்லை.

கசப்பு விஷயத்தில் உங்கள் மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம். பாகற்காய், சுண்டைக்காய், வேப்பம்பூ, வெந்தயம், நாரத்தங்காய் என்று கசப்பை வகை வகையாகத் தின்று வளர்ந்த நாக்கு உங்களுடையது. நீங்களோ லேபிளில் இருந்த கசப்பு எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்: பேல் ஏல் 38, டார்பிடோ என்ற இன்னொரு பீர் 65, பிக்ஃபுட் 90, ஆகவே பிக்ஃபுட்தான் மிகவும் கசப்பு. அந்த எண் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கசப்புப் பொருள் என்ற கணக்கு, அவ்வளவுதான். பாகற்காய்க் குழம்பில் ஒரு அச்சு வெல்லம் போட்டால் பாகற்காய் குறைந்துவிடுமா? காய் அப்படியே இருக்கும், கசப்பு அடங்கும். பிக்ஃபுட்டில் மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின், இனிப்பு அந்த வெல்லத்தின் வேலையைச் செய்கிறது. பலருக்கு 65 எண்ணுள்ள டார்பிடோ அதைவிடக் கூர்மையாகக் கசக்கும். பாகற்காய் நாக்கில் பட்டதுமே அடிக்கும், ஹாப்ஸின் கசப்பு விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து எழுந்து வரும். இதைச் சொல்ல ஆங்கிலத்தில் யாரும் உங்களுக்கு உதவ முடியாது. பாகற்காய் தின்றவன்தான் எழுத முடியும்.

‘சிறு குடும்பம் கையாலேயே செய்யும் பீர்’ என்பது இன்னொரு அழகு. பெரும் மது நிறுவனங்களின் பிடியில் இல்லாத ஆலைகளை அமெரிக்காவில் கிராஃப்ட் ஆலைகள் என்பார்கள், அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. வட கரோலினாவில் இரண்டாவது ஆலையும் ஓடுகிறது. குடும்பச் சொத்து என்பது சரி. ஆனால் அங்கே ‘சிறியது’ என்பதற்குக் கிராஃப்ட் ஆலைகளின் சங்கம் வைத்திருக்கும் உச்சவரம்பே ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய், நம் கணக்கில் சுமார் 70 கோடி லிட்டர். கையால் கிண்டினால் கை கழன்றுவிடும்.

சிகோ என்ற ஊரே உங்கள் கட்டுரையில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 8-ஆம் தேதி பக்கத்தில் இருந்த பாரடைஸ் என்ற ஊர் காட்டுத்தீயில் ஏறக்குறைய முழுதாக எரிந்தது. 85 பேர் இறந்தார்கள். அந்த ஆலையிலேயே வீடிழந்த ஊழியர்கள் இருந்தார்கள். ரெசிலியன்ஸ் என்று ஒரு பீரைக் காய்ச்சி, விற்ற பணம் முழுவதையும் நிவாரணத்துக்கு என்று அறிவித்து, செய்முறையை மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் அதே பீரைக் காய்ச்சின. இதை நான் சொல்வது கண்ணீர் வரவழைப்பதற்கு இல்லை. சுவைத்து எழுதுகிறவனுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது. புண்ணியத்துக்காகக் காய்ச்சிய பீர் சுமாராக இருந்தால் சுமார் என்று எழுதுவீர்களா? பனிவீட்டுப் படத்தைப் பார்த்தே கிராம்பு வாசம் வந்துவிட்ட மூக்கு, எரிந்துபோன ஊரின் கதையைக் கேட்டபின் என்ன முகரும்?

திருத்தி அனுப்புங்கள். எட்டு வேண்டாம், ஒன்று போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள், பல் கூசும் குளிரில் வாசம் எழாது. பாட்டிலைத் துணியால் சுற்றி வேறு யாரையாவது ஊற்றித் தரச் சொல்லுங்கள். நட்சத்திரம் போட வேண்டாம். அப்படி முகர்ந்தும் உங்களுக்குத் திராட்சை வாசம்தான் வருகிறது என்றால், அப்படியே எழுதி அனுப்புங்கள், ஒரு வார்த்தை மாற்றாமல் போடுகிறேன்.