மேசையின் இந்தப் பக்கம் உட்காரப்போகும் தம்பிக்கு

ஒன்டாரியோ மாகாணத்தின் மிசிசாகாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கனடா வந்து ஒன்றேகால் வருஷம், ஆர்டர் பிக்கராக (ஆர்டருக்கு ஏற்றபடி சரக்கை எடுத்துச் சேர்ப்பவராக) சேர்ந்தவரை இப்போது டீம் லீட் ஆக்கியிருக்கிறார்களாம். அடுத்த வாரம் மூன்று பேரை எடுப்பதற்கான இன்டர்வியூவில் மேனேஜரோடு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, இதுவரை இன்டர்வியூவுக்குப் போய்த்தான் பழக்கம், நடத்தியதில்லை. என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது? அப்புறம் என் டீமில் பாதிப் பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள், அவர்களிடம் எப்படி வேலை வாங்குவது?" இதுதான் கேள்வி.

தம்பி, முதலில் கேட்கக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பழக்கம் நம்மை மாட்டிவிடுவது அங்கேதான். நான் 2006 நவம்பரில் திருச்சியிலிருந்து வந்தேன், 2011இல்தான் முதல்முறையாக இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். வந்திருந்த பெண்ணை வரவேற்பறையிலிருந்து அறைக்குக் கூட்டிப்போகும் வழியில், பாவம் பதற்றமாக இருக்கிறாரே, நாலு வார்த்தை பேசுவோம் என்று, "குழந்தைகள் இருக்கிறார்களா, யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டேன். குளிர் கோட்டின் ஜிப்பை இறக்கிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. "என் அம்மா பார்த்துக்கொள்கிறார், நான் லீவு போட மாட்டேன்" என்றார். நான் லீவைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்தது, விழத்தான் செய்யும், ஏனென்றால் வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர் கேட்கிற எதுவும் வேலைக்கான கேள்வியாகத்தான் எதிரே இருப்பவருக்குப் படும். அன்று சாயங்காலம் எச்.ஆரில் இருந்த பெண்மணி கதவைச் சாத்திவிட்டு எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இன்றுவரை அந்த ஜிப் பாதியில் நின்றது கண்ணில் இருக்கிறது.

ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டம் 1962லிருந்து இருக்கிறது. இனம், நிறம், பிறந்த இடம், குடியுரிமை, மதம், வயது, பாலினம், கல்யாணமாகிவிட்டதா இல்லையா, பிள்ளைகள் அல்லது வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, உடல்நலக் குறை என்று நீளும் அந்தப் பட்டியலில் எதை வைத்தும் ஒருவரை ஒதுக்கக் கூடாது, அதைத் துருவும் கேள்வியும் கூடாது. நம் ஊரில் அறிமுகமானவுடன் அன்பாகக் கேட்கும் "சொந்த ஊர் எது, கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள்" மூன்றும் இதில் வந்துவிடுகிறது பாருங்கள்.

ஆனால் வேலைக்குத் தேவையானதைக் கேட்க வழி இருக்கிறது. எந்த நாடு, என்ன விசா என்று கேட்காதீர்கள்; கனடாவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், அது போதும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்பது உங்களுக்கு வேண்டாம், "காலை 6 மணிக்கு ஷிப்ட் தொடங்கும், ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வர வேண்டும், முடியுமா?" என்பதுதான் வேண்டும். அதையும் ஆண்களிடமும் கேளுங்கள், ஒருவர் விடாமல். முதுகுவலி உண்டா என்பதற்குப் பதில், "23 கிலோ வரை உள்ள பெட்டிகளைத் தூக்கி வைக்கும் வேலை இது, செய்ய முடியுமா, அதற்கு நாங்கள் ஏதாவது ஏற்பாடு செய்து தர வேண்டுமா?" கார் இருக்கிறதா என்ற கேள்வியும் எனக்குப் பிடிக்காது. இரண்டு பஸ் மாறி வந்து ஒருநாளும் தாமதமாகாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு வர முடியுமா என்பதே கேள்வி. உங்கள் கிடங்குக்கு சனிக்கிழமைகளில் முதல் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று நீங்களே பார்த்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

"கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்பதைத் தயவுசெய்து உங்கள் வாயால் கேட்டுவிடாதீர்கள். அந்த நிபந்தனையே பாகுபாடுதான் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லேயே கொள்கையாக வெளியிட்டுவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள் பொது விளம்பரங்களில் கனடிய அனுபவம் வேண்டும் என்று போடவே கூடாது என்று சட்டமும் வந்தாயிற்று. துவாக்குடியில் ஒரு யூனிட்டில் நான் ஆறு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தேன். பின் கார்டு என்ற இருப்பு அட்டை எழுதுவது, வருகிற சரக்கை எண்ணி இறக்குவது, கணக்கில் குறைந்த ஒரு பேரிங்கைத் தேடி ராத்திரி எட்டு மணி வரை ரேக்கைக் கிளறுவது எல்லாம் செய்திருக்கிறேன். 2007இல் இங்கே ஒரு கிடங்கு இன்டர்வியூவில் இதைச் சொல்லத் தொடங்கிய உடனே எதிரே இருந்தவர், "அது அங்கே, இங்கே என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று ஃபைலை மூடினார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். திருச்சியில் எண்ணினாலும் பிராம்ப்டனில் எண்ணினாலும் நூறு பெட்டி நூறு பெட்டிதான், அதை அந்த மனிதருக்கு எடுத்துச்சொல்ல அன்று எனக்கு ஆங்கிலம் போதவில்லை. நீங்கள் ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, என்னதான் கேட்பது? உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்பதெல்லாம் வீண். மனப்பாடம் செய்த பதில்தான் வரும். நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்கேனர் காட்டும் எண்ணிக்கையும் ரேக்கில் இருப்பதும் ஒத்துவராதபோது என்ன செய்தீர்கள்? கூட வேலை செய்தவரோடு தகராறு வந்த ஒரு நாளைச் சொல்லுங்கள், எப்படி முடிந்தது? செய்வது ஆபத்து என்று பட்டும் செய்யச் சொன்னார்களா, என்ன செய்தீர்கள்? ஐந்தாறு கேள்விகள் போதும், எழுதி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொருவர் போனதும் நீங்களும் மேனேஜரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். இந்த வரிசை மாறினால், மேனேஜர் கதவு சாத்துவதற்குள் "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிடுவார், புதிதாக உட்கார்ந்த நீங்களும் உங்கள் பேனாவை அந்தப் பக்கம் சாய்த்துவிடுவீர்கள். குறிப்பில் அவர் சொன்னதை எழுதுங்கள். "சுறுசுறுப்பாகத் தெரிகிறார்" என்றெல்லாம் எழுதாதீர்கள்.

இதில் நான் மனதாரச் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. ஆசிய நாடுகளிலிருந்து வந்த பலருக்கு "நான் செய்தேன்" என்று சொல்ல நா எழாது. நமக்கே எழாது, வளர்ப்பு அப்படி. சில வருஷங்களுக்கு முன்னால் சரக்கு இறக்கும் பிரிவுக்கு ஒரு நடுவயதுக்காரர் வந்திருந்தார். எந்தக் கேள்விக்கும் "நாங்கள் சரிசெய்தோம், நாங்கள் பார்த்துக்கொண்டோம்" என்றே பதில். என்கூட இருந்தவர் காகிதத்தில் "சொந்தமாக எதுவும் செய்ததாகத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அன்று காலை லாரி வந்து நிற்கும் டாக்குக்கு வந்ததும் உங்கள் கை முதலில் எதைத் தொட்டது?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், நானும் பேசவில்லை. அப்புறம் என் பேனாவை வாங்கி ஒரு லாரியை வரைந்தார். பின்பக்கக் கதவு ஒழுகி, அடியில் இருந்த பெட்டிகளெல்லாம் நனைந்து வந்திருக்கிறது; இறக்குவதற்கு முன்னாலேயே கதவருகில் நின்று போட்டோ எடுத்து, நனைந்த பாலெட்டுகளை (பெட்டிகள் அடுக்கிய தட்டுகளை) தனியாக ஒதுக்கி, டிரைவர் கிளம்புவதற்குள் டெலிவரி சீட்டில் "ஈரம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் நஷ்டம் முழுக்கக் கம்பெனி தலையில்தான் விழுந்திருக்கும். இவ்வளவும் ஒரே ஆள் செய்தது, அவர் அதற்கு வைத்த பெயர் "நாங்கள்". இன்று எங்கள் ரிசீவிங்கையே அவர்தான் பார்க்கிறார். அதனால் "நாங்கள்" என்று யாராவது சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், அதில் உங்கள் பங்கு எது என்று இன்னொரு தடவை கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இரண்டாவது மொழியில் யோசிக்கிறவருக்கு அந்தப் பத்து விநாடி பெரிய உதவி.

நம் ஆட்கள் விஷயம். நீங்கள் டீம் லீட் ஆனது தெரிந்ததும் போன் வரத் தொடங்கியிருக்கும். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பார்த்தவர், கூட அறையில் இருந்தவரின் மச்சான், எல்லோரும் வருவார்கள். வேலை இருக்கிறது, விண்ணப்பியுங்கள் என்று சொல்வதில் தப்பில்லை, ரெஸ்யூமேயைத் திருத்திக் கொடுங்கள், நானும் செய்கிறேன். ஆனால் தெரிந்தவர் இன்டர்வியூவுக்கு வந்தால் முன்கூட்டியே எச்.ஆரிடம் சொல்லிவிட்டு அந்த ஒருவருக்கு மட்டும் நீங்கள் எழுந்துகொள்ளுங்கள். அவர் நல்லபடியாகத் தேர்வானாலும், நீங்கள் உட்கார்ந்திருந்தால் அவர் காலம் முழுக்க "டீம் லீடின் ஆள்" என்ற பேச்சைச் சுமக்க வேண்டிவரும். அது அவருக்குச் செய்யும் நல்லது இல்லை. வேலைத்தளத்தில் மற்றவர்கள் இருக்கும்போது தமிழில் பேசிச் சிரிப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள், தங்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றும்.

எடுக்காதவர்களுக்கும் பதில் போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவு எடுத்தாகிவிட்டதா என்று தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே 2026 ஜனவரியில் வந்த விதிதான். ஆனால் 45 நாள் எதற்கு, ஒரு வாரத்தில் சொல்லிவிடலாமே. போனைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

இனி வயதில் மூத்தவர்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனக்கும் தொண்டையில் அடைத்தது. இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை, சார் என்று கூப்பிட்டால்தான் அவருக்கு ஒருமாதிரி இருக்கும். மரியாதையை வேறு வழியில் காட்டலாம்: அவர் வேலையில் அவருக்கு உங்களைவிட அதிகம் தெரியும் என்பதை ஒத்துக்கொண்டு, "இந்த ரேக்கை மாற்றலாம் என்றிருக்கிறேன், உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று கேட்டு, அவர் சொன்னதில் ஒன்றையாவது செய்துகாட்டி, இது இன்னார் சொன்ன யோசனை என்று காலைக் கூட்டத்தில் பெயரோடு சொல்லுங்கள். தப்பைச் சொல்வதானால் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கே.

வேலை சொல்லும் விதம் இங்கே வேறு. "நேரம் கிடைக்கும்போது அந்த மூன்றாவது வரிசையைப் பார்க்க முடியுமா?" என்று கனடாக்காரர் கேட்டால் அது உத்தரவு. புதிதில் எனக்குப் புரியாமல், நேரம் கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டேன், மறுநாள் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அதனால் இப்போது நீங்கள் சொல்லும்போது அந்த மென்மையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நேரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள், "பத்து மணி பிரேக்குக்கு முன்னால் முடித்துத் தர முடியுமா?" என்று. புதிதாக வந்தவருக்குக் குழப்பம் இருக்காது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒன்டாரியோவில் மேற்பார்வை வேலைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் மேற்பார்வையாளருக்கான பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், தொழிலாளர் அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. இன்னும் செய்யவில்லை என்றால் இன்றைக்கு உட்காருங்கள். ஆபத்து என்று பட்டால் வேலையைச் செய்ய மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அப்படி ஒருவர் சொன்னால் கோபப்படாமல், அவரையும் வைத்துக்கொண்டு உடனே போய்ப் பார்க்க வேண்டியது உங்கள் கடமை. அதேபோல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரையும் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை இல்லாமல் நிற்க வைக்கக் கூடாது. வேலை மும்முரத்தில் முதலில் அடிபடுவது இதுதான். புதிதாக வந்தவர்கள் பயத்தில் வாய் திறக்க மாட்டார்கள், நீங்கள்தான் கடிகாரத்தைப் பார்த்து அனுப்ப வேண்டும்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள், வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். வியட்நாம் பெயர் இருக்கும், சோமாலியப் பெயர் இருக்கும், எழுதியிருப்பதை வைத்து உச்சரிக்கவே முடியாது. நான் என்ன செய்வேன் என்றால், ஒவ்வொருவரும் வந்ததும் "உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டு, காதில் விழுந்தபடி குறிப்பின் மேலே தமிழில் எழுதிக்கொள்வேன். பாதி இன்டர்வியூவில் ஒருதரம் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னால் எதிரே இருப்பவரின் தோள் கொஞ்சம் இறங்கும். நல்ல பதில் வருவது அதற்கப்புறம்தான். தண்ணீர் பாட்டில் ஒன்று அவர் பக்கம் வையுங்கள். முடிந்ததும் எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள் தம்பி, காத்திருக்கிறேன்.