சுற்றிப் பார்க்கப் போன ஊரில் ராப் கச்சேரி: கேள்வி பதில்

எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அந்த நாட்களில் அங்கே ராப் கச்சேரி இருக்கிறதா என்று முதலில் தேடுகிறவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, நான் போகும் ஊரில் அதே வாரம் எனக்குப் பிடித்த ராப்பர் பாடுகிறார். மேடைக்கு முன்னால் இடம் பிடிக்கவா?

பதில்: முகம் பார்க்க வேண்டுமென்றால் முன்னால். வரிகள் கேட்க வேண்டுமென்றால் ஒலியைச் சரிசெய்யும் பலகையான சவுண்ட் மிக்ஸருக்குப் பக்கத்தில். பெரிய அரங்குகளில் முக்கிய ஸ்பீக்கர்கள் உயரத்தில் தொங்கும். அந்தச் சத்தம் முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலே போய்விடும். கீழே இருக்கும், தாழ்ந்த ஓசை தரும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள்தான் நெஞ்சில் இடிக்கும். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், அதனால் அவர் பக்கத்தில் நில்லுங்கள் தம்பி. அதற்காக ரொம்பப் பின்னால் போய்விடாதீர்கள். 100 மீட்டர் தள்ளி நின்றால் மேடைச் சத்தம் வந்து சேர சுமார் 0.3 விநாடி ஆகும். திரையில் வாய் மூடிய பிறகு சொல் காதில் விழும்.

கேள்வி: காதடைப்பான் போட்டால் பாட்டு கெட்டுவிடாதா?

பதில்: சாதாரண நுரை அடைப்பான் கூர்மையான ஓசைகளைத்தான் அதிகம் வெட்டும். ச, ட போன்ற எழுத்துகள் தெளிவாகக் கேட்பதே அந்த ஓசைகளால்தான். அவை மங்கினால் ராப்பில் சொல்லே புரியாது. இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த அடைப்பான் கிடைக்கிறது. எல்லா ஓசையையும் ஓரளவு சமமாகக் குறைக்கும். இசை அரங்குகளில் சத்தம் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. தாண்டுகிற அரங்குகள் இருக்கின்றன, அடைப்பானைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன முறை பார்த்தவர் பாதி வரிகளை மைக்கில் பாடவே இல்லை. ஏமாற்றுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். ஸ்டூடியோவில் வரி வரியாக நிறுத்திப் பதிவு செய்து ஒட்ட முடியும். அப்படிச் செய்த பாட்டில் மூச்சு விட இடமே இருக்காது. மேடையில் ஓடிக்கொண்டே அதைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பக்கத்தில் ஒருவர் இன்னொரு மைக்கோடு நின்று வரியின் கடைசிச் சொல்லைத் தாங்கிப் பிடிக்கிறார். அந்தக் கைமாற்றத்தைக் கவனித்துப் பாருங்கள்: ஒருவர் மூச்சை இழுக்கும் அதே கணத்தில் மற்றவரின் குரல் வந்து விழும், தாளம் அறுபடாது. எனக்கு அது பெரிய கலையாகவே தெரிகிறது. பதிவு செய்த குரலை முழுதாக ஓடவிட்டு, நடுவில் "கையைத் தூக்குங்கள்" என்று மட்டும் சொல்கிறவர்களும் உண்டு. அதில் எனக்கும் கோபம்தான். புதியவர் என்றால் அவருடைய சமீபத்திய மேடைக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: டிக்கெட் போனில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் போதுமா?

பதில்: பல செயலிகளில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வெளியூரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒருமுறை வாசலில் செயலி என்னை வெளியே தள்ளிவிட்டு ஓடிபி கேட்டது. அதுவோ ஊரில் விட்டுவந்த சிம்முக்குப் போனது. உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டது, நான் வெளியே. அறையில் வைஃபை இருக்கும்போதே உள்நுழைந்து, டிக்கெட்டைப் போனின் வாலட் செயலியில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பதின்மூன்று வயது மகனை அழைத்துப் போகலாமா?

பதில்: உட்காரும் இடத்துக்கு மட்டும், அம்மா. வயது வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். நின்று பார்க்கும் பகுதியில் நெரிசல் விளையாட்டல்ல. 2021-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ராப்பர் டிராவிஸ் ஸ்காட் மேடையேறிய ஆஸ்ட்ரோவேர்ல்டு விழாவில் 10 பேர் இறந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: கூட்டம் அழுத்தினால் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், அலை தளரும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள்.

கேள்வி: பெட்டியோடு நேராக அரங்குக்குப் போகலாமா?

பதில்: உள்ளே விட மாட்டார்கள். அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: டிக்கெட்டில் 7 மணி என்று இருக்கிறது. எத்தனை மணிக்கு முடியும்?

பதில்: பெரும்பாலும் அது கதவு திறக்கும் நேரம். அப்புறம் டிஜே, முக்கியப் பாடகருக்கு முன்பாகப் பாடும் ஓரிருவர். முக்கியமானவர் வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம். கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றால் பாட்டு மனதில் ஏறாது. அந்த ஓர் இரவுக்காவது அரங்கிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள்.